ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கக்கூடாது என்பது எங்கள் அம்மாவின் சட்டம். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. மாற்று நாளில் தலையில் எண்ணெய் வைத்தால் ஏதாவது ஒன்று கெடும் என்பாள். எது கெடும் என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டாள். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், இதைக் கேட்டுச் சிரிப்பார். செவ்வாய்க்கிழமை எண்ணெயில் ஊறுவதற்கு எந்த முதலாளி லீவு கொடுப்பான் என்று கேட்பார். ஆற்றில் குளிப்பவர்கள் நாள் பார்க்க வேண்டியதில்லை என்று அவராகவே ஒரு சாஸ்திரம் செய்து வைத்திருந்தார். அந்தச் சாஸ்திரத்தை நம்பித்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் சில வருஷங்கள் நாங்கள் ஞாயிறுதோறும் மலை தாண்டிப் போகும் பாலிக் புலாவ் பஸ்ஸில் ஏறினோம். கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களோடு திரும்பி வரவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுற்றி வளைத்துக் கடைசியில் போட்டு உடைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அப்போது நாங்கள் எல்லாரும் ஜார்ஜ்டவுனில் ஒரே மாடிவீட்டில் இருந்தோம். அக்கா, அத்தான், அவர்களுடைய நாலு வயசு மகள், அம்மா, நான். நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அத்தான் தினமும் ஃபெரி ஏறிக் கடலுக்கு அக்கரைக்குப் போய், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் கிளார்க் வேலை பார்த்தார். அவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பது சாதாரணக் காரியமில்லை. அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டக்கூடாது, கறிவேப்பிலைச் செடிக்கு. குளித்த தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டும், கக்கூசுக்கு. பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நார்தான், கடையில் விற்கும் பச்சை பிரஷ் கூடாது. பசாருக்கு, அதாவது சந்தைக்கு, பிரம்புக் கூடையோடு போவார். மீன்காரர் பிளாஸ்டிக் பையை நீட்டினால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மீன்காரருக்கும் வேறு வழியில்லாமல் அவருக்காகவே பழைய செய்தித்தாளை எடுத்து வைத்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் ஆற்றில் எதையும் போடவே விடமாட்டார் என்று நான் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கஞ்சத்தனம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுபோன அக்கா, தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடிய லோங்காங்கை, அந்தப் பெரிய சாக்கடையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அங்குள்ளவர்கள் சொன்னபடி ஒரு நாள் நீலமாம், ஒரு நாள் பாலைப் போல வெள்ளையாம். அது நேரே ஆற்றில் போய் விழுகிறது, மூக்கைப் பொத்தாமல் அங்கே நிற்க முடியாது. அதில் கலந்த சாமான்கள் எல்லாம் இவர் கையெழுத்துப் போட்டு ஸ்டோரிலிருந்து வெளியே போனவைதான். அன்று ராத்திரி சாப்பாட்டில் நான் கிண்டலாக அதைக் கேட்டபோது அத்தான் சிரிக்கவில்லை.

"வாரம் பூரா அந்த லோங்காங்கப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நாளாச்சும் நல்ல தண்ணியப் பாக்கணும்லா," என்றார்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டேன்.

நல்ல தண்ணீர் என்று அவர் சொன்னது பாலிக் புலாவ் போகும் மலைச்சாலையில் ஒரு வளைவுக்குக் கீழே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு சீனரின் ஜாதிக்காய்த் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். அவர் நல்ல மனுஷர், எங்களை மறிக்கமாட்டார், நாய்களைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்வார். தோட்டம் முடிந்ததும் ஆறு. ஆறு என்பது எங்கள் மரியாதை. உண்மையில் பாறைக்குப் பாறை குதித்து இறங்கும் ஓடைதான். மேலே ஒரு மடு, கீழே ஒரு மடு, நடுவில் ஆள் உயரத்துக்குப் பாறைகள். மேல் மடு பெண்களுக்கு, கீழ் மடு அத்தானுக்கு. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, ஆனால் பேசினால் கேட்கும். தண்ணீர் அவ்வளவு தெளிவு, காலடியில் கிடக்கும் மணலை எண்ணலாம். அங்கே போய் உட்கார்ந்தால் என் வாய்கூட ஓய்ந்துவிடும் என்று அக்கா சொல்வாள்.

அங்கே அத்தானின் சட்டம் இன்னும் கெடுபிடி. சோப்பு, ஷாம்பு எதுவும் தண்ணீரைத் தொடக்கூடாது. கீழே கிராமத்தில் இருக்கும் கம்பத்துக்காரர்கள் இதே தண்ணீரில்தான் அரிசி கழுவுகிறார்கள் என்பார். அதனால் நல்லெண்ணெய், சீயக்காய், பாசிப்பயற்று மாவு. எண்ணெயை அக்கா முதல் நாளே நாலு மிளகு போட்டுக் காய்ச்சி வைப்பாள். ஆற்றங்கரையில் எல்லாரும் தலை முதல் கால் வரை தேய்த்துக்கொண்டு வெயிலில் ஊறுவோம். பிறகு அக்கா சீயக்காய்ப் பொடியை வடித்த கஞ்சியில் கரைத்து, மேல் மடுவில் உட்கார்ந்து தலையை அலசுவாள். இடுப்புக்குக் கீழே விழும் முடி அவளுக்கு. ஒரு கிண்ணம் பொடி போதாது. அலச அலச மடு முழுக்கப் பழுப்பாகும், அந்தப் பழுப்பு பாறை இடுக்கில் வழிந்து கீழ் மடுவுக்கு இறங்கும். உடனே கீழேயிருந்து அத்தான் குரல் கொடுப்பார். என்ன, குழம்பு கொதித்துவிட்டதா, சோறு எங்கே என்பார். அக்கா மேலேயிருந்து ஏதாவது பதில் கொடுப்பாள். ஒவ்வொரு வாரமும் இதே பேச்சுத்தான், ஒவ்வொரு வாரமும் இரண்டு பேரும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இப்படிச் சிரிக்க முடிகிறதே என்று பொறாமையாகவும் இருக்கும்.

கடைசி வருஷம் அந்த ஆற்றுக்கு ஏதோ ஆகத் தொடங்கியது. முதலில் பாறைகளின்மேல் மெல்லிய சிவப்புப் படிவு, குங்குமம் கரைத்துத் தெளித்த மாதிரி. கையால் துடைத்தால் போகும், அடுத்த வாரம் மறுபடி இருக்கும். அப்புறம் மீன்கள். காலை நீட்டினால் வந்து கொத்தும் பொடிமீன்களைப் பார்க்கவே அக்காவின் மகள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள். ஒரு ஞாயிறு மீன் ஒன்றுமே வரவில்லை. குழந்தை வெகுநேரம் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்துவிட்டு, மீன் எல்லாம் எங்கே போயிடுச்சு என்று அழுதாள். மழைக்காலத்தில் மேலே போயிருக்கும் என்று அத்தான் சமாதானம் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

தோட்டக்காரச் சீனர் ஆற்றுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். தோட்டத்தைத் தாண்டும்போது எங்களை நிறுத்தி, மலைமேல் கையைக் காட்டி, மிஷின் வந்திருக்கிறது, மண்ணை வெட்டுகிறார்கள் என்று பசார் மலாயில் சொன்னார். என்னத்துக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. பங்களா கட்டப் போகிறார்கள் என்றார், ரோடு போடப் போகிறார்கள் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது, அதனால் எங்கள் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் அதே மரங்கள், அதே பாறை, கொஞ்சம் குறைந்துபோன தண்ணீர்.

எனக்கு அந்த இடம் பிடிக்காமல் போனது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. மேல் மடுவில் உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும், திரும்பினால் மலை. வேறெங்காவது போகலாம், கடற்கரைக்குப் போகலாம், இல்லையென்றால் குரங்குகள் இருக்கும் பூங்காவுக்குப் போகலாம் என்று வீட்டில் சண்டையே போட்டேன். அன்று அக்காதான் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவருக்கு இருக்கிற சந்தோஷம் இது ஒண்ணுதான். அதையும் கெடுக்காத, விடு," என்றாள்.

நான் விட்டேன். அவள் கேட்டால் நான் எதைத்தான் விடாமல் இருந்திருக்கிறேன்?

அந்த வாரம் முழுக்க மலையில் மழை. டவுனில் நின்று பார்த்தாலே மலை தெரியாமல் மேகம் மூடிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பளிச்சென்று வெயில். அம்மா வழக்கம்போல நாளைப் பற்றி முணுமுணுத்தாள், அக்கா வழக்கம்போல எண்ணெய்ப் பாட்டிலை அம்மாவின் கண்ணில் படாமல் கூடைக்குள் வைத்தாள். பஸ்ஸில் போகும்போது சாலையோரத்து ஓடைகள் எல்லாம் கரைபுரண்டு ஓடுவதைப் பார்த்தோம். இன்றைக்கு நம் மடுவில் நீச்சலே அடிக்கலாம் என்று அத்தான் மகளிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

போய்ப் பார்த்தால் ஆற்றில் தண்ணீர் இல்லை.

இல்லை என்றால் அடியோடு இல்லை என்றில்லை. மேல் மடுவில் அக்காவின் முழங்காலுக்கு இருந்தது. இதுவரை நாங்கள் கண்டிராத பாறைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன, அவற்றின் பாசி இன்னும் காயவில்லை. ஒரு வாரம் மழை பெய்தும் தண்ணீர் எப்படிக் குறையும் என்று நான் கேட்டேன். அத்தான் குனிந்து நீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. குறைந்தால் நல்லதுதான், பிள்ளை பயமில்லாமல் இறங்கலாம் என்றார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அந்த மடுவின் ஆழம் கல் கல்லாகத் தெரியும். அதுதான் வினையாகப் போனது.

எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டோம். அத்தான் கீழ் மடுவுக்கு இறங்கிப் போனார். அக்கா சாரத்தை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு மேல் மடுவின் நடுக்கல்லில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். நெற்றியிலிருந்து எண்ணெய் வழிந்து இமையில் நின்றது. குழந்தைக்குப் பசி. அவளை மடியில் வைத்து நான் கரையில் இட்டலி ஊட்டிக்கொண்டிருந்தேன். சீயக்காய்ப் பொட்டலம் என் பக்கத்தில் கூடையில் கட்டு அவிழ்க்காமல் இருந்தது. காட்டில் எப்போதும் காதைத் துளைக்கும் பூச்சிச் சத்தம் அன்று இல்லை என்பது எனக்கு உறைத்தது. வெயில் ஏறிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழேயிருந்து அத்தானின் குரல் கேட்டது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"என்ன, இன்னைக்கு டின்னோட கவுத்திட்டியா? இங்க ஒரே பழுப்பா இருக்கு."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்கும் சிரிப்புத்தான்.

"நான் இன்னும் சீயக்காவே கரைக்கலங்க," என்றாள்.



நான் மடுவைப் பார்த்தேன். அக்காவின் கால்களைச் சுற்றி நீர் பழுப்பாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கறுத்தது, அதில் காய்ந்த இலையும் சுள்ளியும் சுற்றிக்கொண்டு வந்தன. மண் வாடை அடித்தது, புதைகுழி தோண்டும்போது வருமே அந்த ஈர வாடை. அதன் பிறகுதான் சத்தம். பலகைப் பாலத்தில் பாரம் ஏற்றிய லாரி ஏறுவது போலத் தொடங்கி, ஏறி முடிக்காமலே வந்துகொண்டிருந்தது.

அத்தான் பாறை மேல் ஏறி வந்ததை நான் பார்த்தேன். கீழ் மடுவிலிருந்து கரைக்குத் தாவ அவருக்கு இரண்டு எட்டுத்தான். அவர் கரைக்குப் போகவில்லை, வழுக்குப் பாறையில் நாலு காலில் மேலே வந்தார். எழுந்திரு, இந்தப் பக்கம், என் பக்கம் என்று கத்தினார். அக்கா எழுந்துவிட்டாள். ஆனால் கண்ணைத் திறந்ததும் எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே மற்றக் கையை நீட்டினாள், அது வேறு திசையில் நீண்டது. நான் குழந்தையைத் துண்டோடு வாரி எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். குழந்தையின் உடம்பெல்லாம் எண்ணெய், துண்டு இல்லாவிட்டால் அவள் என் கையிலும் நின்றிருக்கமாட்டாள்.

தண்ணீர் மடுவுக்குள் வந்தபோது அது தண்ணீராக இல்லை. மண்ணும் மரமும் கல்லும் சேர்ந்து ஒரு சுவராக வந்தது. அதற்கு முன்னாலேயே அத்தான் அக்காவைப் பிடித்துவிட்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இடது கையால் கரையில் இருந்த ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவளுடைய முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தார். நல்ல பிடி. எண்ணெய் மட்டும் இல்லாதிருந்தால் அந்தப் பிடி எதையும் விட்டிருக்காது. கை முழங்கைக்கு இறங்கியது, மணிக்கட்டுக்கு இறங்கியது, விரல்களில் ஒரு நொடி நின்றது. அக்கா அவர் முகம் இருந்த பக்கம் பார்த்தாள். அவளுக்கு அது தெரிந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவ்வளவுதான். நான் கத்தினேனா என்றுகூட நினைவில்லை. குழந்தை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. சூரியன் அதே இடத்தில் இருந்தான். அத்தான் வேரைப் பிடித்த கையை விடாமல், மற்றக் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டக்காரச் சீனர் ஓடி வந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வேரிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு தெரிந்துகொண்டது இது. மலைமேல் வெட்டிய மண்ணையும் மரங்களையும் ஆறு ஓடும் பள்ளத்தில் தள்ளியிருந்தார்கள். வாரம் முழுக்கப் பெய்த மழை அதற்குப் பின்னால் தேங்கி நின்றிருக்கிறது. எங்கள் மடுவில் தண்ணீர் குறைந்ததும் அதனால்தான். அந்த மண்ணைத் தள்ளியது யார் என்று கேட்டு நாங்கள் அலைந்த கதையை எழுத எனக்கு விருப்பமில்லை. ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் வேறொருவரைக் காட்டினார். எனக்கு அவர்கள்மேல் இருந்த கோபம் இன்றும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் கம்பத்து மலாய்க்காரர்கள் அக்காவைக் கண்டெடுத்தார்கள். அவள் உடம்பில் துணி இல்லை போலிருக்கிறது. நாங்கள் போவதற்குள் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி தன்னுடைய புது பாத்தேக் சாரத்தால் கழுத்து வரை போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நடைமுறை எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவர அதற்கடுத்த நாள், செவ்வாய்க்கிழமை ஆயிற்று. அம்மா நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மட்டுமல்ல, சாகும்வரை பேசவில்லை.

எங்களில் இறந்தவரைக் குளிப்பாட்டும் முன் உறவுக்காரர்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்க வேண்டும். புறங்கையால் தொட்டு மூன்று முறை வைத்துவிட்டுப் போவார்கள். பெயருக்குத்தான், யாரும் தேய்க்கமாட்டார்கள். ஒரு கிண்ணத்தில் எண்ணெய், ஒரு கிண்ணத்தில் சீயக்காய். கிண்ணங்களை ஏந்திக்கொண்டு நான் தலைமாட்டில் நின்றேன். அக்காவின் முடியில் இன்னும் மண் இருந்தது. யாரும் தொடங்கும் முன், கணவர்தான் முதலில் வைக்க வேண்டும் என்று ஊர் அத்தை ஒருவர் சொல்லி, அத்தானை அழைத்து வந்து நிறுத்தினார். அவரிடம் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டச் சொன்னார். நான் நீட்டினேன்.

"எண்ணெய் வேணாம்," என்றார் அத்தான். "அது அவ வெச்சுக்கிட்டா. சீயக்கா மட்டும் குடுங்க."

முறை அப்படியில்லை என்று யாரோ சொல்லத் தொடங்கினார்கள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். அத்தான் சீயக்காய்க் கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கித் தரையில் உட்கார்ந்தார். போதாது, இன்னும் கொஞ்சம் பொடி கொண்டு வா என்றார். கொண்டு வந்தேன். வெந்நீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, அக்காவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வேரிலிருந்து நுனி வரைக்கும் அந்த நீள முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேய்த்து, மண் போகும்வரை அலசினார். அவ்வளவு நேரமும், கண்ணில் வழிந்துவிடக்கூடாது என்று, இடது உள்ளங்கையால் அவள் கண்களை மூடிப் பிடித்திருந்தார்.